கேமிங் கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் ஆடுவதற்காகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள், மற்ற பாகங்களை எல்லாம் முடிவு செய்துவிட்டுக் கூலர் விஷயத்தில் வந்து தடுமாறுகிறார்கள். ஏர் கூலர் போதுமா, ஏஐஓ எனப்படும் ரெடிமேட் லிக்விட் கூலர் வாங்குவதா, குழாய்களை நாமே பொருத்தும் கஸ்டம் லூப்பில் இறங்கிப் பார்ப்பதா என்று மூன்று வழிகள். மூன்றையும் வைத்துப் பல வருடம் ஆடியிருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வாட்டர் கூலிங் போட்டால் எஃப்பிஎஸ் (திரையில் நொடிக்கு ஓடும் ஃபிரேம்களின் எண்ணிக்கை) கூடுமா?

பெரும்பாலும் கூடாது. இந்த எதிர்பார்ப்பில்தான் நிறையப் பேர் பணத்தைப் போடுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராசசர் 65 டிகிரி செல்சியஸில் ஓடினாலும் 80-ல் ஓடினாலும் கேமுக்குக் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கென்று வைத்திருக்கும் வெப்ப எல்லையைத் தொட்ட பிறகுதான் அது கணிசமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்விடியா கிராபிக்ஸ் கார்டுகள் சூடு ஏற ஏற 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 2,500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் கார்டு இரண்டு மூன்று படி இறங்கினால் அது திரையில் தெரியவே தெரியாது.

உங்கள் கம்ப்யூட்டர் இப்போது எல்லையை முட்டிக்கொண்டு வேகத்தை இழந்துகொண்டிருந்தால் மட்டும், நல்ல கூலர் இழந்ததைத் திருப்பித் தரும். அந்த நல்ல கூலரில் தண்ணீர் ஓடித்தான் ஆக வேண்டும் என்றுகூட இல்லை.

அப்படியானால் தண்ணீர் என்னதான் செய்கிறது?

சூட்டைச் சுமந்துகொண்டு போகிறது. ஒரே கன அளவு எடுத்துக்கொண்டால் தண்ணீர் காற்றைவிட 3,000 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தை ஏந்தும். அதனால் விரல்நகம் அளவு சிப்பில் பிறக்கும் சூட்டை ஒரு மெல்லிய குழாய் வழியாக, இடம் தாராளமாக இருக்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோக முடிகிறது. அங்கே போன பிறகு அதை வெளியேற்றுவது மறுபடியும் ஃபேனும் காற்றும்தான். கூலர் எந்த வகையாக இருந்தாலும் சூடு கடைசியில் போய்ச் சேரும் இடம் அறைக்காற்று.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. ஏர் கூலரில் மேலே ஏறிச் செல்லும் செம்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் உலோகக் கம்பிகள் அல்ல. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் திரவத்தை, பெரும்பாலும் தண்ணீரைத்தான், அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அது 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகி மேலே போகும், தகடுகளில் குளிர்ந்து மறுபடி திரவமாகிக் கீழே திரும்பும். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, தேய்ந்துபோக ஒன்றுமே இல்லை. எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு இதில் வியப்பு குறையவில்லை.

அறை வெப்பத்தைவிடக் கீழே இறக்க முடியுமா? அறையாவது சூடாகாமல் இருக்குமா?

இரண்டும் நடக்காது. ரேடியேட்டருக்குள் புகும் காற்று 30 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. 500 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர், எந்தக் கூலர் போட்டாலும், அறைக்குள் 500 வாட் ஹீட்டர் ஓடுவதற்குச் சமம்.

கேம் ஆடும்போது உண்மையில் எது அதிகம் சூடாகிறது?

கூலர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனால் கேட்கிறவர்கள் குறைவு.

கேமில் அதிக மின்சாரத்தை இழுப்பது கிராபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட், 5090-க்கு 575 வாட் என்று என்விடியாவே குறிப்பிடுகிறது. இந்தப் பக்கம், கேமர்கள் விரும்பி வாங்கும் ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசரின் மதிப்பீடு 120 வாட். கேம் ஓடும்போது அது பெரும்பாலும் 100 வாட்டைக்கூடத் தொடாது. இன்டெலின் கோர் ஐ9-14900கே 253 வாட் வரை போகும் என்பது உண்மைதான். ஆனால் அது எல்லாக் கோர்களும் முழு மூச்சாக உழைக்கும் வீடியோ ரெண்டரிங் மாதிரி வேலைகளில். கேமில் அதைவிட நன்றாகவே குறையும்.

இப்போது சந்தையில் இருக்கும் ஏஐஓக்களைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே பிராசசருக்கானவை. கார்டில் 400 வாட் கொதிக்கிறது, நாம் 80 வாட் இருக்கும் இடத்தில் மூன்று ஃபேன் ரேடியேட்டரை மாட்டுகிறோம். வாட்டர் கூலிங் போட்டும் கம்ப்யூட்டர் இரைகிறதே, கேபினெட் சூடாகவே இருக்கிறதே என்று வருத்தப்படுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

"அப்படியென்றால் ஏன் பிராசசர் 85 காட்டுகிறது, கார்டு 68-தானே காட்டுகிறது?" என்று அடுத்ததாகக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 4090-ன் சிப் சுமார் 600 சதுர மில்லிமீட்டர். சூடு அகலமாகப் பரவி நேராகக் கூலரைத் தொடுகிறது. ரைசனில் கோர்கள் இருக்கும் சிப் சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். அதன் மேல் ஒரு உலோக மூடி, மூடிக்கு மேல் தெர்மல் பேஸ்ட், அதற்கு மேல்தான் கூலர். 7800எக்ஸ்3டியில் அந்தச் சிப்பின் மேலேயே கூடுதல் கேஷ் நினைவகச் சிப் வேறு உட்கார்ந்திருக்கிறது. ஆக, சூடு கூலருக்கு வந்து சேர்வதற்கு முன்பே நெரிசலில் மாட்டிக்கொள்கிறது. நெரிசல் உள்ளே இருக்கும்போது வெளியே ரேடியேட்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும் நாலைந்து டிகிரிக்கு மேல் இறங்காது. ஏஎம்டி 2024-ல் கொண்டுவந்த 9800எக்ஸ்3டியில் அந்தக் கேஷ் சிப்பைக் கோர்களுக்குக் கீழே மாற்றி வைத்தார்கள். எந்தப் புதுக் கூலரும் செய்திருக்க முடியாத உதவி அது.

90 டிகிரி காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

எந்தப் பிராசசர் என்பதைப் பொறுத்தது. 7800எக்ஸ்3டியின் எல்லை 89 டிகிரி, ரைசன் 9 7950எக்ஸின் எல்லை 95, 14900கேயின் எல்லை 100. 7950எக்ஸ் போன்றவை கனமான வேலையில் 95-ஐத் தொட்டு அங்கேயே நிற்பது போலத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அதில் 95 பார்த்துப் பதற வேண்டாம்.

எண்ணை மட்டும் பார்க்காமல் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் கேமை ஒரு மணி நேரம் ஆடுங்கள். முடிந்ததும் கோர்களின் வேகம் நடுவில் சரிந்ததா, சூட்டால் வேகம் குறைவதைக் காட்டும் தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் எங்காவது 'ஆம்' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உங்கள் கூலர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கேம் திறக்கும்போது, காட்சியை வரையும் சிறு நிரல்களான ஷேடர்கள் கம்பைல் ஆகும் சில நிமிடங்கள் பிராசசர் முழுச் சுமையில் ஓடும். அப்போது வரும் உச்ச எண்ணைப் பார்த்துவிட்டுக் கூலரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நல்ல ஏர் கூலருக்கும் 360 ஏஐஓவுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

கேமில் சில டிகிரி. (240, 280, 360 என்பவை ரேடியேட்டரின் அளவு, மில்லிமீட்டரில்.) 250 வாட் ரெண்டரிங்கில் வித்தியாசம் கூடும், அங்கே 360 தெளிவாக ஜெயிக்கும். 240 அளவு ஏஐஓவை நோக்டுவா என்ஹெச்-டி15 மாதிரி இரட்டைக் கோபுரக் கூலரோடு வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்டச் சமம். ஏர் கூலரில் திருப்தியடையாமல் 240-க்குத் தாவுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. போவதென்றால் 280, 360 என்று போங்கள்.

ஒப்பிடும்போது ஒரு இடத்தில் கவனம் தேவை. தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். ரேடியேட்டரே இல்லாமல் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 300 வாட் கொடுத்தால்கூட நிமிடத்துக்கு 4 டிகிரி அளவுதான் ஏறும். ஏஐஓவில் இருக்கும் திரவம் ஒரு லிட்டரைவிட மிகக் குறைவு என்றாலும், ரேடியேட்டர் விடாமல் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் நிலைக்கு வர இருபது நிமிடம், அரை மணி நேரம்கூட ஆகும். ஐந்து நிமிடச் சோதனையில் ஏஐஓ எப்போதும் அழகாகத் தெரியும். நீங்கள் ஆடப்போவது ஐந்து நிமிடம் இல்லையே.

சத்தம் குறையுமா?

வாட்டர் கூலிங்குக்கு ஆதரவாக நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான், ஆனால் நிபந்தனையோடு. கனமான சுமையில் பெரிய ரேடியேட்டரின் மூன்று ஃபேன்கள் மெதுவாகச் சுற்றியே சமாளித்துவிடும், சிறிய ஏர் கூலர் அதே வேலைக்கு அலறும். சும்மா இருக்கும் நேரத்தில் கதை மாறும். ஏர் கூலரின் ஃபேன் ஏறக்குறைய நின்றே போகும். ஏஐஓவின் பம்ப் இரவும் பகலும் ஒரு மெல்லிய ரீங்காரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். நிசப்தமான அறையில் சிலருக்கு அது பொறுக்காது. எனக்குப் பொறுக்கவில்லை.

ஏஐஓ வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். ஃபேன் வேகத்தைப் பிராசசர் வெப்பத்தோடு இணைக்காமல் தண்ணீரின் வெப்பத்தோடு இணையுங்கள், உங்கள் மாடல் அந்த அளவீட்டைக் காட்டினால். பிராசசர் வெப்பம் நொடிக்கு நொடி குதிக்கும், ஃபேனும் கூடவே ஏறி இறங்கி எரிச்சலூட்டும். தண்ணீர் நிதானமாக ஏறும், ஃபேனும் நிதானமாக ஏறும்.

மற்றபடி, கேமில் உங்கள் காதில் விழும் இரைச்சல் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் ஃபேன்தான். பிராசசர் கூலரை மாற்றினால் அது அடங்காது.

கசிந்தால் என்ன ஆகும்?

ஏஐஓவில் கசிவு அபூர்வம். அதைவிட அதிகம் நடப்பது பம்ப் நின்றுபோவது. எனக்கு அது நடந்திருக்கிறது. நான்காவது வருடத்தில் ஒரு மாலை, கேம் நடுவே திடீரென்று படம் திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. பார்த்தால் பிராசசர் 100 டிகிரியில் நிற்கிறது, வேகம் பாதிக்கும் கீழே. பம்ப் செத்துப்போயிருந்தது. பிராசசருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைய பிராசசர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். வாரண்டியில் புதிது வந்தது. ஆனால் அது வந்து சேரும்வரை 12 நாள் கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தது. அதே இடத்தில் ஏர் கூலர் இருந்து அதன் ஃபேன் போயிருந்தால், வேறு ஒரு ஃபேனை மாட்டிவிட்டு அன்று இரவே ஆடியிருக்கலாம்.

அடைத்து விற்கப்படும் ஏஐஓவிலும் குழாய்ச் சுவர் வழியாகத் திரவம் மிக மெதுவாக ஆவியாகிப் போய்க்கொண்டேதான் இருக்கும். நிறுவனங்கள் 5, 6 வருட வாரண்டி கொடுப்பதற்கு இதுவும் காரணம். ஏர் கூலரின் உலோகப் பகுதியை அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதற்கடுத்ததற்கும் கொண்டுபோகலாம், சாக்கெட்டுக்கு ஏற்ற பிடிப்பான் கிடைத்தால் போதும்.

ரேடியேட்டரை எங்கே மாட்டுவது?

பம்ப் இருக்கும் இடம் முழுச் சுற்றின் உச்சியாக இருக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது மேலே போய்த் தங்கும். உச்சியில் பம்ப் இருந்தால் அது காற்றைக் குடித்துக் கடகடவென்று சத்தம் போடும், சீக்கிரம் தேயும். அதனால் கேபினெட்டின் தரையில் ரேடியேட்டரை மாட்ட வேண்டாம்.

மேலே மாட்டிக் காற்றை வெளியே தள்ளுவது பெரும்பாலான கேபினெட்களுக்குச் சரி. முன்பக்கம் மாட்டினால் பிராசசருக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும், ஆனால் ரேடியேட்டரில் சூடான காற்றுதான் கார்டுக்குப் போகும். கேம் மட்டும் ஆடுகிறவர் என்றால் மேலேயே வையுங்கள். பிராசசர் இரண்டு மூன்று டிகிரி கூடிப் போகட்டும், கார்டு குளிர்ச்சியாக இருக்கட்டும்.

கஸ்டம் லூப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் குளிர்விப்பதால், கேமுக்கு உண்மையிலேயே பொருள் உள்ள வாட்டர் கூலிங் இதுதான். 70 டிகிரியை ஒட்டி ஓடும் கார்டு, வாட்டர் பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டி) போட்டால் 50-ஐ ஒட்டி இறங்குவது சாதாரணம், அதுவும் கிட்டத்தட்டச் சத்தமே இல்லாமல். ஏஎம்டி 2014-ல் 500 வாட் ரேடியான் ஆர்9 295எக்ஸ்2 கார்டையும் அடுத்த வருடம் ஃப்யூரி எக்ஸ் கார்டையும் தொழிற்சாலையிலேயே தண்ணீர்க் கூலர் பொருத்தித்தான் விற்றது. கார்டுக்குத்தான் தண்ணீர் உதவும் என்பதற்கு அவை நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் இது வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடும் பொருள் அல்ல. பம்ப், ரிசர்வாயர், ரேடியேட்டர், பிளாக், குழாய், இணைப்பான்கள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரை ஒரே சுற்றில் சேர்க்கவே கூடாது. இரண்டு உலோகமும் திரவத்தில் மின்கலம் போல வினைபுரிந்து அலுமினியம் அரிபடும். வெறும் காய்ச்சி வடித்த நீர் போதாது, பாசி பிடிக்காமலும் அரிக்காமலும் இருக்க மருந்து கலக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது நல்லது. வண்ணத் துகள் கலந்த திரவங்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் படியும். நான் தவிர்க்கவே சொல்வேன். "மின்சாரம் கடத்தாத திரவம்" என்று எழுதியிருந்தாலும் நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள். உலோகத்தில் ஓட ஓட அயனிகள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்த ஆரம்பித்துவிடும்.

முதல் முறை நிரப்பும்போது மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் கொடுக்காமல், பம்ப்பை மட்டும் தனியாகச் சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் காகிதத் துண்டை வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதம் காட்டிக்கொடுக்கும்.

பலர் யோசிக்காத செலவு ஒன்று இருக்கிறது. கார்டை மாற்றினால் பிளாக்கும் மாற வேண்டும், பழைய பிளாக் புதுக் கார்டில் உட்காராது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கார்டு மாற்றுகிறவர் இதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு இறங்கட்டும். குழாய்களை வளைத்துப் பொருத்தும் வேலையே இன்பம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போனாலும் பரவாயில்லை என்கிறவர் தாராளமாகச் செய்யலாம். அழகுக்காகச் செய்வதும் முறையான காரணம்தான்.

பணம் போடும் முன் என்னென்ன செய்து பார்க்கலாம்?

நிறைய இருக்கிறது, எல்லாமே இலவசம் அல்லது மிக மலிவு.

முதலில் தூசி. ஃபேன்களையும் வடிகட்டிகளையும் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் கேபினெட்டின் முகப்பு. கண்ணாடி அடைத்த முகப்பாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். ஐந்தாறு டிகிரி இறங்கினால் உங்களுக்குத் தேவை காற்றோட்டமுள்ள கேபினெட், கூலர் அல்ல.

அடுத்தது கார்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் மிகக் கொஞ்சமே குறையும், சூடும் சத்தமும் கண்கூடாகக் குறையும். நேரம் இருந்தால் அண்டர்வோல்ட் செய்யலாம் (கார்டுக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது), அப்போது அந்தக் கொஞ்சமும் குறையாது. உங்கள் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் ஃபிரேம்களை அதற்குள் கட்டுப்படுத்துங்கள். மானிட்டர் காட்டாத ஃபிரேமுக்காகக் கார்டு ஏன் வேக வேண்டும்?

பிராசசர் இழுக்கும் மின்சாரத்தையும் மட்டுப்படுத்தலாம்: ஏஎம்டி என்றால் ஈகோ மோடு, இன்டெல் என்றால் பவர் லிமிட். பல மதர்போர்டுகள் ஐ9 பிராசசர்களுக்கு எல்லையே இல்லாமல் மின்சாரத்தைத் திறந்துவிட்டிருந்தன. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் முன்னால் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பியுங்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜால் அவை நிலைகுலைந்தன என்று இன்டெலே ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டது. அந்தக் கோளாறை எந்தக் கூலரும் சரிசெய்யாது.

சின்னக் கேபினெட்டில் என்ன செய்வது?

இங்கே நான் ஏஐஓ பக்கம். என்ஹெச்-டி15-ன் உயரம் 165 மில்லிமீட்டர். பல மினி ஐடிஎக்ஸ் கேபினெட்களில் பாதி உயரக் கூலர்தான் நுழையும், அது 150 வாட்டுக்கே திணறும். ரேடியேட்டருக்கு ஓரமாக இடம் இருந்தால் அதுவே சரியான வழி. கம்ப்யூட்டரை அடிக்கடி தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் அப்படித்தான். ஃபேனோடு 1.3 கிலோ எடையுள்ள உலோகம் மதர்போர்டில் தொங்கிக்கொண்டு பயணம் செய்வது நல்லதல்ல.

என்னிடம் ஏற்கனவே ஏஐஓ இருக்கிறது. மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

வாங்கிய புதிதில், ஒரே கேமில், எந்த அறை வெப்பத்தில் எத்தனை டிகிரி வந்தது என்று குறித்து வைத்திருந்தால் வேலை சுலபம். அதே நிலையில் 10 டிகிரி கூடியிருந்தால் முதலில் தூசியைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றாலோ, கம்ப்யூட்டரை நகர்த்தாமலே குழாயில் களகளவென்று ஓசை வந்தாலோ, திரவம் குறைந்திருக்கலாம் அல்லது உள்ளே அடைத்திருக்கலாம்.

கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். அரை மணி நேரம் ஆடிவிட்டு இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஓட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பில் இருக்கும், ஓரிரு டிகிரி வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. ஒன்று சுடுகிறது, மற்றது குளிர்ந்து கிடக்கிறது என்றால் தண்ணீர் ஓடவில்லை. அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.